ஒரு கோப்பைக்குள் ஒரு மலை

சுங்கை பாலாஸ் சரிவில் பனி இன்னும் கலையவில்லை. மலை முதுகு முழுக்கத் தேயிலைச் செடிகள். இடுப்பளவு உயரம், பாய் விரித்ததுபோல ஒரே மட்டம். அந்த மட்டத்துக்கு மேலே விரற்கடை அளவு தலை நீட்டி நிற்கிறது ஒரு கொழுந்து. இரண்டு இலை, நடுவில் சுருண்ட மொட்டு. போன முறை பறித்துச் சென்று மூன்று வாரம் ஆகிறது. இன்று இதன் நாள்.

இது அந்தக் கொழுந்தின் வாழ்க்கைக் கதை. பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில் துளிர்த்து, சிங்கப்பூரிலோ லண்டனிலோ ஒருவர் தம் வீட்டில் தமக்கென்று மட்டும் போட்டுக்கொள்ளும் ஒரு கோப்பையில் முடிகிற கதை. கூட்டத்தில் பிறப்பது, தனிமையில் முடிகிறது. நம் வீடுகளில் ஓயாமல் எழும் ஒரு வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. "வெளிநாட்டுக்காரனுக்குப் பணம் இருக்கு, பாசம் இல்லை, அவனவன் வாழ்க்கை அவனவனுக்கு" என்கிறார்கள் பெரியவர்கள். "என் வாழ்க்கையை நான் முடிவு செய்ய வேண்டாமா?" என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. எது எங்கே நிற்கிறது என்பதைக் கொழுந்தோடு நடந்து பார்ப்போம்.

முதலில் செடி. தேயிலை பிறவியில் மரம். கை வைக்காமல் விட்டால் பல ஆள் உயரம் வளரும், பூக்கும், காய்க்கும். கவாத்துக் கத்திதான் அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறது. உயர முடியாத மரம் பக்கவாட்டில் கிளை பரப்புகிறது, மேலே ஓயாமல் துளிர் விடுகிறது. எந்தச் செடி எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே பரப்பாகிவிடுகின்றன. அந்தப் பரப்பைத் துரைமார் ஆங்கிலத்தில் 'மேசை' என்றே அழைத்தார்கள். மேசை சமமாக இருந்தால்தான் கத்தரி ஓடும். கை வேகமாகப் போகும்.

செடிக்குச் செய்ததை மனிதர்களுக்கும் செய்த இடம் தோட்டம்.

பெரட்டுக் களம்

'தே' என்ற சொல்லே கடல் தாண்டி வந்தது. சீனத்து ஃபுஜியான் கரையோரப் பேச்சில் 'தே', மலாயில் 'தே', தமிழில் தேயிலை, தேநீர், ஆங்கிலத்தில் டீ. கேமரன் மலையின் பெரிய தோட்டத்துக்கு வாய்த்த 'போ' என்ற பெயரும் அதே ஃபுஜியானின் வூயி மலையை நினைவூட்டுவது. அந்த மலையைப் பழைய ஆங்கில வணிகர்கள் 'போஹீ' என்பார்கள்.

செமாய் என்னும் ஓராங் அஸ்லி பழங்குடி மக்கள் காலங்காலமாக வாழ்ந்த காடு இது. 1885-இல் அரசு நில அளவையாளர் வில்லியம் கேமரன் வந்து போனார். மேட்டு நிலத்துக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 1929-இல், உலக வணிகமே சரிந்துகொண்டிருந்த நேரத்தில், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் இங்கே அந்தப் போ தோட்டத்தைப் போடத் துணிந்தார். இலங்கையில் தேயிலைத் தொழில் கற்ற ஏ. பி. மில்ன் கூட நின்றார். கோவேறு கழுதைகள், ஒரு நீராவி உருளை எந்திரம், மண்வெட்டி பிடித்த கைகள் ஆகியவற்றைக் கொண்டு காட்டைத் திருத்தினார்கள். 1933-இல் ஓர் இந்தியக் குடும்பம் பாரத் தோட்டத்தைத் தொடங்கியது.

அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்தவர்கள். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். 'ரஜூலா' என்ற கப்பல் பெயரைச் சொன்னால் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் யாராவது ஒரு தாத்தா நினைவுக்கு வருவார். 1938-இல் இந்திய அரசு கூலியாட்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திய பின் கங்காணி முறை ஓய்ந்தது. வந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

தோட்டத்து நாள் பெரட்டில், அதாவது ஆள் எண்ணும் கூட்டத்தில், தொடங்கும். இருட்டு விலகுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். தோட்டத்து எழுத்தரான கிராணி பெயர் கூப்பிடுவார். எந்த நிரையில் யாருக்கு வேலை என்று மேற்பார்வையாளரான மண்டோர் பிரிப்பார். வீடு என்பது லயன், ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசை. ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். ஒரு வீட்டுக் குழந்தை இருமினால் நாலு வீட்டுக்கு அப்பால் கஷாயம் கொதிக்கும். தாய்மார் கொழுந்துக்குப் போனால் பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் ஒன்றாகத் தூங்கும். சாவு விழுந்தால் லயனே எழுந்து வந்து நிற்கும். அந்த வாழ்வில் யாரும் தனியாக அழுததில்லை என்று பழையவர்கள் சொல்லும்போது அதில் பொய் இல்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தை அவர்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த லயன் என்பதெல்லாம் வேறு ஒருவர் முடிவு. கடன் கையைக் கட்டியது. துரையின் பார்வை எங்கும் இருந்தது. சாதியும் அதே கப்பலில் வந்து இறங்கி லயனில் குடியேறியது. தனக்குப் பிடித்த ஒன்றைப் பெண் சொல்லிவிட முடியாது. ஊர் வாய் முந்திக்கொள்ளும். சுவர் மெல்லியதாக இருந்ததால் கஷாயம் வந்தது. அதே மெல்லிய சுவர் வழியாகத்தான் காவலும் வந்தது.

இதைச் சொல்ல ஒரு சான்று போதும். 1941-இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில், ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் அவர்களை ஒருங்கிணைத்தார். கூலி உயர்வு, மருத்துவம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது என்று கோரிக்கைகள் நீண்டன. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் போக வேண்டும்.

சைக்கிளில் உட்கார்ந்தபடியே போகும் உரிமை! அதில் காசு இல்லை, சோறு இல்லை. என் வழியில் நான் போவேன் என்கிற ஒரு மனிதனின் நிமிர்வு மட்டுமே இருக்கிறது. அதற்காகத் தோட்டம் தோட்டமாக நின்றார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

இந்தக் கோரிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தெளிவாகிறது. தனிமனித உரிமை என்பது மேலைநாட்டார் நமக்கு ஏற்றுமதி செய்த சரக்கு இல்லை. தோட்டத்தில் பிறந்தவர் அதற்காக ஏங்கினார், உயிரும் கொடுத்தார். அதைக் கேட்டு வாங்க அவர் கூட்டமாகத்தான் நிற்க வேண்டியிருந்தது. பிறகு வந்ததும் அப்படித்தான். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவானது, பி. பி. நாராயணன் அதை வளர்த்தார். 1960-இல் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சிறு சேமிப்பு சேர்ந்து, விற்பனைக்கு வந்த தோட்டங்களையே வாங்கியது. ஒவ்வொருவர் காலிலும் இருந்த கட்டைப் பலர் கை சேர்ந்து அவிழ்த்தது.

ஆலை

கொழுந்து பறிபடுகிறது. முன்பு விரல் கிள்ளியது. இன்று பெரும்பாலும் பை பொருத்திய கைக்கத்தரி. சரிவு இடம் கொடுத்தால் இருவர் இரு பக்கம் பிடித்துச் செல்லும் எந்திரம். மூட்டை நிரம்பி, நிறுவைக்குப் போய், வண்டியேறி, ஆலை வாசலில் கொட்டப்படுகிறது.

ஆலையில் முதல் வேலை வாட்டல். நீண்ட தொட்டிகளில் இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதுகிறார்கள். பல மணி நேரத்தில் இலையின் ஈரம் இறங்கி, ஒடியாமல் வளையும் பதத்துக்கு வரும். அடுத்தது உருட்டல், இலை முறுகி, அதன் செல்கள் உடைந்து, சாறு வெளியே வரும். சாறு காற்றோடு கலக்கப் பச்சை செம்பு நிறமாகும். ஆலை முழுக்க அப்போது ஒரு வாசனை எழும். பச்சைப்புல்லும் பழமும் சேர்ந்த வாசனை. சரியான நொடியில் அதை நிறுத்த வேண்டும். உலர்த்தும் அடுப்பின் சூட்டில் இலை கறுத்து, ஈரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இறங்கும். கிட்டத்தட்ட ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலை ஆகும்.

கடைசியாகச் சலிப்பு. பெரிய இலைத்துண்டு, சிறு துண்டு, குருணை, தூள் என்று சல்லடை பிரிக்கிறது. தேயிலைப் பைக்குள் போவது குருணையும் தூளும். பொடி சிறிதாக இருந்தால்தான் சாயம் சீக்கிரம் இறங்கும்.

நம் கொழுந்து இங்கே காணாமல் போகிறது. அதன் இரண்டு இலையும் மொட்டும் எத்தனையோ செடிகளின் இலையோடு நொறுங்கிக் கலந்துவிட்டன. வெவ்வேறு நாள் பறித்ததும் வெவ்வேறு சரிவில் விளைந்ததும் சேர்த்துக் கலக்கப்படுகின்றன. ருசி பார்ப்பவர் ஒவ்வொரு கலவையையும் உறிஞ்சிப் பார்த்து, போன மாதத்து ருசியே இந்த மாதமும் வருமாறு அளவு சொல்கிறார். இரண்டு கிராம் தூளில் ஒரு சரிவே இருக்கிறது.

ஒற்றைக் கோப்பை

தேயிலைப் பை எங்கிருந்து வந்தது? நியூயார்க் வணிகர் ஒருவர் மாதிரித் தேயிலையைப் பட்டுப் பையில் கட்டி அனுப்ப, வாங்கியவர்கள் பையோடு வெந்நீரில் போட்டுவிட்டார்கள் என்ற கதையை எல்லாரும் கேட்டிருப்போம். அதற்கு முன்பே, 1901-இல், அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் பெண்கள் இருவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள்: ராபர்ட்டா லாசன், மேரி மெக்லாரன். 1903-இல் அது கிடைத்தது. ஒரு கோப்பை மட்டும் வேண்டிய நேரத்தில் கெட்டில் நிறையப் போட வேண்டியிருக்கிறது. மிச்சம் ஆறிக் கெடுகிறது, தேயிலை வீணாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால் ஒருவருக்கு, ஒரு கோப்பைக்கு, அப்போதே போட்டது.

அந்தச் சிறிய நூல் பைக்குள் ஒரு நூற்றாண்டின் போக்கே இருந்தது. பிரிட்டனில் டெட்லி நிறுவனம் 1953-இல் தேயிலைப் பையை விற்கத் தொடங்கியது. 1960-களின் தொடக்கத்தில்கூட அந்த நாட்டுத் தேநீரில் 3 விழுக்காடுகூடப் பைத் தேயிலை இல்லை. 2007-இல் அது 96 விழுக்காட்டை எட்டிவிட்டது. நடுவில் ஒரு கெட்டில், சுற்றி ஆட்கள், எல்லாருக்கும் ஒரே சாயம் என்ற ஏற்பாடு போய், அவரவர் கோப்பை, அவரவர் பை, அவரவர் சாயம் என்று ஆனது.

இப்படி ஆன நாடுகள் சோகமாகவா இருக்கின்றன? நம் ஊர்ப் பேச்சு ஆமாம் என்று சொல்லும். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இதை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும்.

நெதர்லாந்து அறிஞர் கேர்ட் ஹாஃப்ஸ்டெட, பல நாடுகளில் கிளை பரப்பிய ஐபிஎம் நிறுவனத்து ஊழியர்களிடம் கேட்ட கேள்விகளைக் கொண்டு 1980-இல் ஓர் அளவுகோல் தந்தார். தனிமனிதப் போக்கில் அமெரிக்காவுக்கு 91, பிரிட்டனுக்கு 89. மலேசியாவுக்கு 26, சிங்கப்பூருக்கு 20. தன்னலம் எவ்வளவு என்பதை அது அளக்கவில்லை. என் வேலை, என் துணை, என் ஊர், என் நம்பிக்கை ஆகியவற்றை நான் முடிவு செய்கிறேனா, என் கூட்டம் முடிவு செய்கிறதா என்பதே அந்த அளவின் சாரம்.

1995-இல் எட் டீனரும் உடன் ஆய்வாளர்களும் 55 நாடுகளை ஒப்பிட்டார்கள். வருமானம், மனித உரிமை, சமத்துவம் எல்லாம் மகிழ்ச்சியோடு சேர்ந்தே போயின. ஆனால் மற்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னும் விடாமல் ஒட்டி நின்றது தனிமனிதப் போக்கு. 1999-இல் ரூட் வீன்ஹோவன் 43 நாடுகளைப் பார்த்துவிட்டு முக்கியமான ஒரு நிபந்தனையைச் சேர்த்தார். இந்த உறவு வளமான நாடுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. ஏழை நாடுகளில் இல்லை. 2011-இல் ரொனால்ட் ஃபிஷர், டயானா போயர் இருவரும் 63 நாடுகளில் நாலு லட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்தார்கள். மனநலத்தைச் சொல்வதில் செல்வத்தைவிடத் தனிமனிதப் போக்கே உறுதியாக நின்றது. பணம் நன்மை செய்வது பெரும்பாலும் தேர்வுரிமையை வாங்கித் தருவதால்தான் என்று இதைப் படிக்கலாம்.

சைக்கிளை நினைத்துக்கொண்டால் இந்த முடிவுகள் அந்நியமாகத் தெரியாது. இறங்க வேண்டிய கட்டாயம் போன அன்று ஒரு மனிதன் மூச்சு விட்டிருப்பான். வீன்ஹோவனின் நிபந்தனையும் தோட்டத்துக்காரருக்குப் புரியும். கஞ்சிக்கு வழியில்லாத இடத்தில் தனியே நிற்பது விடுதலை ஆகாது. சுவருக்கு அந்தப் பக்கம் கஷாயம் கொதிக்கும் வீடு இருந்தால்தான் உயிர் தப்பும். மருத்துவமனையும் ஓய்வூதியமும் பள்ளிக்கூடமும் வந்த பிறகுதான் சுவரைக் கொஞ்சம் கனமாக்க முடிகிறது.

காலி நாற்காலி

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2018-இல் பிரிட்டன் தனிமைக்கென்று ஓர் அமைச்சரை நியமித்தது. 2021-இல் ஜப்பானும் அதையே செய்தது. 2023-இல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி, தனிமை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று அறிக்கை விட்டார். அந்த ஆண்டின் அமெரிக்கக் கணக்குப்படி நாலில் ஒருவர், முந்தின நாள் உண்ட எல்லா வேளையும் தனியாகவே உண்டதாகச் சொன்னார். 2003-ஐவிட இது 53 விழுக்காடு கூடுதல். ஒற்றைக் கோப்பை கேட்டவர்களுக்குக் கோப்பை கிடைத்தது. எதிரே நாற்காலி காலியாக இருக்கிறது.

ஜப்பானிலிருந்து வந்த ஓர் ஆய்வு இங்கே உதவுகிறது. 2014-இல் யூஜி ஓகிஹாராவும் யுகிகோ உச்சிதாவும், தனிமனித மதிப்பீடுகளை வலுவாகப் பிடித்துக்கொண்ட ஜப்பானியருக்கு நெருங்கிய நண்பர்கள் குறைவாகவும் மனநிறைவு குறைவாகவும் இருந்ததைக் கண்டார்கள். அமெரிக்காவில் அப்படி இல்லை. எனக்கு இது புரிகிற விதம் இதுதான்: அமெரிக்கர் தாமாகப் போய் நண்பரைத் தேடிக்கொள்ளும் வழக்கத்தோடு வளர்கிறார். கொடுக்கப்பட்ட உறவுகளுக்குள் வளர்ந்தவர் அதை உதறினால், புதிதாகக் கட்டிக்கொள்ளும் கைப்பழக்கம் இருப்பதில்லை. லயனை விட்டு நகரத்து அடுக்குமாடிக்குப் போன நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்று அஞ்சுகிறேன். கதவைச் சாத்தக் கற்றுக்கொண்டோம். இன்னொருவர் கதவைத் தட்டக் கற்கவில்லை.

அப்படியானால் 2018 முதல் 2025 வரை ஆண்டுதோறும் உலக மகிழ்ச்சி அறிக்கையின் உச்சியில் இருக்கும் பின்லாந்து என்ன செய்கிறது? தனியாக வாழ்வோர் ஏராளமாக உள்ள நாடு அது. தேநீர் நாடும் இல்லை. தலைக்கு இவ்வளவு காப்பி குடிக்கும் நாடு உலகில் அரிது. அங்கே பல தொழில்களில் காப்பி இடைவேளை தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒரு கோப்பைக் காப்பியோடு சும்மா உட்காரும் பத்து நிமிடம் முதலாளியின் பெருந்தன்மையால் வருவதில்லை. கூட்டமாக நின்று வாங்கிய உரிமை. 2013-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் 16 நகரங்களில் தலா 12 பணப்பைகளை வேண்டுமென்றே தொலைத்துப் பார்த்தது. பின்லாந்துத் தலைநகர் ஹெல்சிங்கியில் 11 திரும்பி வந்தன. முன்பின் தெரியாதவர் என் பையைத் திருப்பித் தருவார் என்கிற நம்பிக்கை இருக்கும் ஊரில் தனியாக வாழ்வது வேறு. அது இல்லாத ஊரில் தனியாக வாழ்வது வேறு.

ஸ்வீடன் வரலாற்றாசிரியர் லார்ஸ் டிராகோர்த் நார்டிக் நாடுகளின் இந்த வாழ்முறைக்கு அரசுசார் தனிமனிதவாதம் என்று பெயர் வைத்தார். கணவன், தகப்பன், முதலாளி, ஊர் தர்மகர்த்தா என்று யார் கையையும் எதிர்பார்த்து நிற்காமல் ஒரு மனிதர் வாழ, எல்லாரும் வரி கட்டுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றைப் பை. பிரித்தால் உள்ளே ஒரு சரிவே இருக்கிறது.

மகிழ்ச்சி அறிக்கை நாடுகளின் வேறுபாட்டை விளக்க எடுத்துக்கொள்ளும் ஆறு காரணிகளில் இரண்டு, இந்த வழக்கின் இரு பக்கங்களையும் அப்படியே சொல்கின்றன. ஒன்று: கஷ்டம் வந்தால் நம்பிப் போக உங்களுக்கு ஆள் இருக்கிறதா? மற்றொன்று: வாழ்க்கையில் என்ன செய்வது என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் உங்களுக்குத் திருப்தியாக இருக்கிறதா? முதல் கேள்வி பெரியவர்களுடையது, இரண்டாவது பிள்ளைகளுடையது. இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்ல முடிகிற நாடுகளே மேலே இருக்கின்றன. தலைக்கு வருமானத்தில் பின்லாந்தை மிஞ்சும் சிங்கப்பூர் 2025 பட்டியலில் 34-ஆம் இடத்தில் நிற்கிறது. அதே பட்டியலில், அவ்வளவு பணம் இல்லாத கோஸ்டா ரிக்கா 6-ஆம் இடம், மெக்சிகோ 10-ஆம் இடம். அங்கே வீடு நிறைய ஆள், நெருக்கமான உறவு. மகிழ்ச்சிக்குப் போகும் வழி ஒன்றே ஒன்று இல்லை. ஆனால் எந்த வழியிலும் ஆள் தேவைப்படுகிறது.

மறுபடியும் மேசை

நம் கொழுந்து மலை இறங்கிவிட்டது. தாப்பா வரை வளைந்து வளைந்து போகும் பாதையில் வந்து, நெடுஞ்சாலை பிடித்து, கோலாலம்பூரைக் கடந்து, ஜொகூர் பாலம் வழியாகச் சிங்கப்பூருக்கும் போகிறது. கேமரன் மலைத் தேயிலையின் பெரும்பகுதி மலேசியாவிலேயே குடிக்கப்படுகிறது. ஒரு பகுதி எல்லை தாண்டுகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் போன வழியும் இதுதான். தாத்தா பறித்தார், அப்பா வண்டி ஓட்டினார், மகள் ஜொகூரிலோ சிங்கப்பூரிலோ கணினி முன்னால் இருக்கிறாள் என்பது இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களின் கதை. அவளுக்குத் தன் அறை இருக்கிறது. தன் சம்பளம், தன் சாவி, இரவு ஒன்பது மணிக்குத் தனக்கென்று ஒரு தேயிலைப் பை. அதைச் சோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சாவிக்காக ஒரு தலைமுறை சைக்கிளை விட்டு இறங்க மறுத்தது.

ஆனால் அவள் அந்தக் கோப்பையோடு மட்டும் முடிந்துவிடக் கூடாது. அதற்கான இடம் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையிலும் கோப்பிக் கடையிலும் தேநீர் கேட்கும் பாஷையைக் கவனித்திருக்கிறீர்களா? "அண்ணே, தே ஒன்னு, குராங் மானிஸ்." அதாவது, இனிப்பு குறைவாக. பாலில்லாமல் வேண்டுமா, தே ஓ. சீனியே வேண்டாமா, கோசோங். இஞ்சி தட்டிப் போட்டது தே ஹாலியா. சிங்கப்பூரில் சீனியைக் குறைக்கச் சொல்ல சியூ தாய் என்பார்கள். மலாயும் தமிழும் ஹொக்கியனும் கலந்த இந்தச் சிறு அகராதியில் ஒவ்வொருவர் நாக்குக்கும் தனி இடம் உண்டு. பத்துப் பேர் உட்கார்ந்தால் பத்து விதமாகச் சொல்வார்கள். கடைக்காரர் பத்தையும் ஞாபகம் வைத்திருப்பார். பத்தும் ஒரே மேசைக்கு வரும். தே தாரிக் இழுப்பவர் இடது கைக்கும் வலது கைக்கும் நடுவே அந்தச் செம்மண் நிறத்து நீரை ஆற்றிக்கொண்டே, வாசலில் யார் வருகிறார் என்று பார்க்கிறார். தெரிந்தவர் வந்தால் அவர் கேட்குமுன் போட்டுவிடுகிறார்.

தோட்டத்தில் பார்த்த மேசையில் எல்லாக் கிளையும் ஒரே உயரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இந்த மேசையில் யாரும் வெட்டுப்படவில்லை. வேண்டியபோது வரலாம், வேண்டாதபோது எழுந்து போகலாம். நான் இத்தனை தூரம் கொழுந்தோடு வந்தது இதைச் சொல்லத்தான்: எழுந்து போக முடிகிற மேசையில் உட்கார்ந்திருப்பதுதான் மகிழ்ச்சி. எழுந்து போக முடியாத மேசை லயன் ஆகிவிடும். மேசையே இல்லாத சுதந்திரம் காலி நாற்காலி ஆகிவிடும். வளமான நாடுகளின் ஆய்வுகள் அத்தனையையும் படித்துவிட்டு நான் திரும்பி வந்து நிற்கும் இடம் அந்தக் கடைதான். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் மலையேறி வரும் அந்த மகளுக்கு இது தெரியும். பாட்டி வந்தபோது வேறு வழியில்லை. பேத்தி தானே வருகிறாள். லயன் வாசலில் அவள் உட்காரும்போது அந்தப் பழைய நெருக்கம் முதல் முறையாக முழுச் சுவையோடு அவளுக்குக் கிடைக்கிறது.

கதை இங்கே முடிந்தால் நிம்மதியாக இருக்கும். ஆனால் கொழுந்து மூன்று வாரத்தில் மறுபடி துளிர்க்கிறது. அதைப் பறிக்க ஆள் வேண்டும். இன்று அந்தச் சரிவில் எஞ்சியிருக்கும் தமிழ்க் குடும்பங்களோடு வங்கதேசத்தவரும் நேபாளியரும் இந்தோனேசியரும் கத்தரி பிடிக்கிறார்கள். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அது நல்ல மாற்றம். ஆனால் வெளிநாட்டுத் தொழிலாளியின் வேலை அனுமதி பொதுவாக ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்கும் சுதந்திரம் சுலபமில்லை. மனைவியும் பிள்ளையும் கைப்பேசித் திரையில் இருக்கிறார்கள். கூட இருக்கும் கூட்டத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. தனிமையையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. மகிழ்ச்சி அறிக்கையின் இரண்டு கேள்விகளுக்கும் ஆமாம் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொண்டு, ஆமாம் சொல்ல முடிந்தவர்களின் கோப்பைக்கு அவர் இலை வெட்டுகிறார்.

ரஜூலாவில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புதுக் கதை இல்லை. நம் தாத்தாக்கள் நின்ற அதே நிரையில் இன்று வேறு பாஷை கேட்கிறது, அவ்வளவுதான். சைக்கிள் கோரிக்கையை எழுதியவர்களின் வாரிசுகள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ள ஆசை இருந்தால், அந்தக் கோரிக்கையை அவர்களுக்காகவும் எழுத வேண்டும்: வேலை மாறும் உரிமை, குடும்பத்தைப் பார்க்கும் உரிமை, கடை மேசையில் பக்கத்தில் உட்காரும்போது நகர்ந்து இடம் கொடுக்கும் ஒரு மனிதர்.

அடுத்த முறை பையை வெந்நீரில் விடும்போது கொஞ்சம் பாருங்கள். நூல் நுனியில் தொங்குவது உங்களுக்கு மட்டுமான இரண்டு கிராம். அதிலிருந்து இறங்கும் சிவப்பு ஒரு மலையினுடையது.